ஐம்பத்திரண்டு வயது, முப்பத்தொரு வாரம்

அன்பும் மரியாதையும் அதற்கு மேல் பயமுமாக அண்ணனுக்குத் தங்கை எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உங்கள் கார் தபால் நிலையத்துச் சுவரில் ஏறி நிற்கிற சேதி எனக்கும் வந்துவிட்டதால் கேட்க வாய் வரவில்லை. நாலு தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. ஐந்தாம் தடவை அண்ணி எடுத்து, "இந்த வயசுல இதெல்லாம் தேவையா உனக்கு?" என்று கேட்டு வைத்துவிட்டார்கள். அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

முதல் விஷயம், நான் கர்ப்பமாக இல்லை. உங்கள் மச்சான் போய்ப் பதினோரு வருஷம் கழித்து இப்படி ஒரு வரியை என் கையாலேயே எழுத வேண்டி வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. எழுதும்போது "இல்லை" என்பதை இரண்டு தடவை எழுதிவிட்டேன். ஒன்றைத்தான் அடித்திருக்கிறேன், இன்னொன்று அப்படியே இருக்கிறது, கண்ணாடியைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். நம்ம சின்னதுக்கு மூன்றாம் மாதம் நடப்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவள் போனுக்கு ஏதோ ஒரு பக்கத்தை அனுப்பியிருக்கிறார்கள். வயிற்றுப் பிள்ளைக்குப் பிறவிக் கோளாறு இருக்க வாய்ப்பு உண்டா என்று பார்க்க ஒரு ரத்தச் சோதனை இருக்கிறதாம். அதை எடுப்பதா வேண்டாமா என்று அவரவரே யோசித்து முடிவு செய்ய அந்தப் பக்கம் உதவுமாம். மூன்று நாளாக டிக்கெட் கவுண்டர் வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதையே தடவிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையைக் கேட்டால் "உங்க இஷ்டம் அத்தை" என்பார், அந்த மனுஷனுக்கு அடுப்பில் பால் பொங்கினாலும் நம்ம இஷ்டம்தான். நான் நேராகவே கேட்டேன்.

"என்னடி அது, ஜோசியமா?"

"அது ஒண்ணும் சொல்லாதும்மா. கேள்விதான் கேக்கும். முடிவு நாமதான் பண்ணணும்."

"கேள்வி கேக்கத்தான் நான் ஒருத்தி இருக்கேனே. அதுக்கு எதுக்குடி போனு?"

அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள், "உன்கிட்ட இதைப் பேச முடியாதும்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னிடம் பேச முடியாத அப்படி என்ன விஷயம் அண்ணே? நான் பெற்று வளர்த்த பிள்ளையைப் பற்றித்தான் அந்தப் பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள். பெரியவனுக்கு இருந்ததை டாக்டர்கள் டவுன் சிண்ட்ரோம் என்றார்கள், இவள் பார்க்கிற சோதனையும் முதலில் அதைத்தான் தேடுகிறதாம். பெரியவன் மாதிரி ஒன்று வந்துவிடுமோ என்று இவள் பயப்படுகிறாளா? இருபத்தாறு வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்ட அண்ணன், போன வருஷம் இருதயம் நின்று போனான், அதற்குள் அவனைக் கண்டு பயமா? தொண்டை வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன்?

அவள் போனை மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். அதன் திரை அணையாமல் இருந்தது. நான் எடுத்தேன். திருடத்தான் எடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவள் என்ன பதில் போட்டிருக்கிறாள் என்று பார்க்க. அதற்குள் விரல் எங்கேயோ பட்டு, "பழைய விடைகளை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா?" என்று கேட்டது. யாரும் என்னை இவ்வளவு மரியாதையாக எதையும் கேட்டதில்லை. சரி என்றேன். மூன்று நாள் அவள் யோசித்தது மொத்தமும் போயிற்று. போனதை நிரப்பி வைத்துவிட்டால் தெரியாது என்று நினைத்தேன். ஆனால் அவள் பதில் எனக்கு எப்படித் தெரியும்? அது "உங்கள் வயது" என்று கேட்கிறது, போனைப் பிடித்திருப்பவள் நான், பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஐம்பத்திரண்டு என்று போட்டேன். இதற்கு முன் பிள்ளைகள் உண்டா? இரண்டு. அதில் யாருக்காவது இந்தக் கோளாறு? ஆம். எத்தனை வாரம் என்று கேட்டது. கர்ப்பத்தைத்தான் கேட்கிறது என்று தெரியாத மக்கு இல்லை நான். ஆனால் பெரியவன் போனதிலிருந்து நான் தினமும் எண்ணுவது ஒரே கணக்குத்தானே, விரல் அதைத்தான் அழுத்தியது. முப்பத்தொன்று.

அப்புறம் ஒரு படம் வந்தது அண்ணே. சின்னச் சின்ன மனிதப் பொம்மைகள், வரிசை வரிசையாக, நான் வேலை பார்க்கிற சலவைக்கூடத்தில் தலையணை உறை அடுக்குவோமே அந்த மாதிரி. எல்லாம் சாம்பல் நிறம். நடுவில் சிலது மட்டும் மஞ்சள். என் வயதில் பிள்ளை பெற்றால் இத்தனை பேரில் இத்தனை பேருக்கு அந்தக் கோளாறு இருக்கலாம் என்று கீழே எழுதியிருந்தது. வயது ஏற ஏற மஞ்சள் கூடுமாம். படித்தவர்கள் பார்த்தால் பயப்படுவார்களோ என்னவோ. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவனை ஒற்றை ஆளாகத்தானே வளர்த்தேன், தெருவில், பள்ளிக்கூட வாசலில், சலவைக்கூடத்தில், எங்கேயும் அவன் மாதிரி அவன் ஒருத்தன்தான். இங்கே பார்த்தால் துணைக்கு எத்தனை பேர். இவர்களில் எது நம்மாள் என்று ஒவ்வொரு மஞ்சளாகத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை.

அடுத்த கேள்விதான் அதிர்ச்சி. இப்படி ஒரு குழந்தையை வளர்ப்பது உங்கள் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கும்? ஒரு கோடு, அதில் ஒரு குமிழ், இந்த முனையில் "கொஞ்சமும் இல்லை", அந்த முனையில் "மிக அதிகம்". நான் குமிழைத் தள்ளினேன், கோடு முடிந்த பிறகும் தள்ளினேன், விரல் போனை விட்டு மேஜைக்கு வந்துவிட்டது. பாதிக்காமல்? அவனைத் தவிர என் வாழ்க்கையில் நான் வேறு என்னத்தைச் செய்தேன்? கடைசியில் அந்தப் பக்கம் சொல்கிறது, இதில் சரியான விடை, தவறான விடை என்று எதுவும் இல்லையாம். மூன்றாம் வகுப்பில் எழுதியதெல்லாம் தப்பு என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவள் நான். தப்பே இல்லாத பரீட்சையை இத்தனை வருஷம் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்?

முடிவெடுக்க உங்களுக்குத் துணை யார், அவர் எண் என்ன என்று கேட்டது. அண்ணன் என்று எழுதினேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் உங்களுடையது ஒன்றுதான். போட்டேன். "நர்ஸுக்கு அனுப்பு" என்றது. அனுப்பினேன். அனுப்பச் சொன்னால் அனுப்புகிறவள்தானே நான்.

மறுநாள் காலை நர்ஸ் உங்களை அழைத்ததும், கார் ஒலிபெருக்கியில் அந்தம்மா குரல் கேட்டதும், பின்சீட்டில் ஓட்டப் பழகுகிற மூன்று பேர் காதைத் தீட்டிக்கொண்டு இருந்ததும் எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது. "உங்க தங்கச்சிக்கு அம்பத்திரண்டு வயசு, முப்பத்தொரு வாரம் ஆச்சு, இதுவரைக்கும் ஒரு தடவைகூட வந்து காட்டலை, உடனே கூட்டிட்டு வாங்க" என்றார்களாமே. இருபது வருஷமாக ஊருக்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்து, பிரேக்கு பிரேக்கு என்று கத்துகிற நீங்கள், உங்கள் காலடியில் இருந்த பிரேக்கை மறந்தீர்களாமே. பெரியவன் பின்சீட்டில் இருந்திருந்தால் "பிரேக்கு மாமா!" என்று கத்தியிருப்பான். நிற்கிற காரிலேயே கத்துவானே அவன்.

இப்போது, ஆள் யார் என்று சந்தேகப்படுகிற அண்ணிக்கு. சலவைக்கூடத்துத் துணி வேன் ஓட்டுகிறவர் தெருமுனையில் என்னை இறக்கிவிடுவது முட்டிவலிக்காக. அவருக்கும் எனக்கும் நடுவில் எப்போதும் நாற்பது மூட்டை அழுக்கு விரிப்பு இருக்கும். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கார் சுவரிலிருந்து இறங்கியதும் வாருங்கள். மாமா என்ற உரிமையில் சின்னதைக் கூப்பிட்டு, இந்தச் சோதனை கீதனை எதுவும் வேண்டாம், அந்தப் பக்கத்தைத் திறக்காதே என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் சொல்லப் போனால் அவன் பெயர் வரும், அவன் பெயர் வந்தால் நான் அழுவேன், நான் அழுதால் அவளும் அழுவாள், வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. நானும் இனி ஜென்மத்துக்கும் அந்தப் போனைத் தொட மாட்டேன்.

அண்ணிக்கு என் வணக்கம், நம்பினாலும் நம்பாவிட்டாலும். அன்றைக்குக் காரை ஓட்டிச் சுவரில் ஏற்றிய அந்தப் பிள்ளைக்குச் சீக்கிரம் லைசென்ஸ் கிடைக்கட்டும். உங்கள் இடுப்புவலி குறையட்டும்.

இப்படிக்கு,
கர்ப்பமில்லாத தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள், கண்டிக்க வர வேண்டாம். உறைமேல் விலாசம் எழுதச் சின்னதிடம் கொடுத்தேன், கழுதை உள்ளே இருந்ததையும் படித்துவிட்டாள். அப்புறம் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, "வா, முதல்லேருந்து போடலாம்" என்றாள். இந்தத் தடவை அவள் வயது, அவள் வாரம். மஞ்சள் பொம்மை குறைந்துபோனது எனக்கு வருத்தம்தான். பாதிக்குமா என்ற கோட்டில் குமிழை நடுவில் விட்டாள். "தெரியலம்மா. தெரியலன்னு சொல்றதுக்கும் இதுல இடம் இருக்கு" என்றாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கடைசியில் ஒரு காலிக் கட்டம். அதில் போன தடவையும் இதையேதான் எழுதியிருந்தாளாம், நான் அழித்தது அதைத்தான்: "என் அண்ணன் பிறந்தபோது அம்மாவிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவனைக் கையில் வாங்கிய முதல் நாள் முழுக்க அழுததை நினைத்து அம்மா இன்னும் அழுகிறாள். எனக்கு முதல் நாள் வீணாகக் கூடாது."

சோதனை எடுக்கிறாள், வியாழன் காலை ஒன்பதுக்கு. அது உறுதியாக எதையும் சொல்லாதாம், வாய்ப்பை மட்டும் சொல்லுமாம், அதற்கு மேல் என்ன என்பதை அவள் பார்த்துக்கொள்வாள். துணி வேன்காரர் சேதி கேட்டு ஒரு பை ஆரஞ்சோடு வந்து, "உண்மையாங்க?" என்றார். இல்லை என்றேன். முகம் கொஞ்சம் வாடிப்போனது. இதை அண்ணியிடம் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமைக்குக் காரைச் சரிசெய்து கொண்டுவாருங்கள். சின்னது முன்னால் உட்காரட்டும். பின்சீட்டில் நான் உட்கார்ந்துகொள்கிறேன், உங்களுக்குப் பிரேக்கு சொல்ல ஆள் வேண்டுமே.