எத்தனால் நம் தோழன்

முப்பத்தொன்றாவது தடவை கயிற்றை இழுத்தபோதும் புல்வெட்டும் மெஷின் கிளம்பவில்லை. அதிகாரியின் தோள்பட்டைதான் 'கடக்' என்றது.

"விடுங்களேன். மெக்கானிக்கைக் கூப்பிட்டாப் போச்சு" என்றாள் மனைவி.

"மெக்கானிக்கா? என் மானத்தை வாங்கறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. அவர் எரிபொருள் துறையின் செய்தி அதிகாரி. பெட்ரோலில் எத்தனால் கலக்கத் தொடங்கியதும் ஊரே புலம்பியது. வண்டி இருமுகிறது, மரம் அறுக்கும் மெஷின் மயங்கி விழுகிறது என்று கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அவற்றுக்கெல்லாம் ஒரே பதிலாக அவர் எழுதியதுதான் 'எத்தனால் நம் தோழன்' என்ற பதினாறு பக்கப் புத்தகம். அட்டையில் ஒரு புல்வெட்டும் மெஷின் பல்லைக் காட்டிச் சிரிக்கும். எல்லா மெக்கானிக் கடைகளிலும் அதைத் தொங்கவிட வேண்டும் என்று உத்தரவு போட்டவரும் அவரே. தெருமுனை மெக்கானிக் அதை ஆணியில் மாட்டிக்கொண்டே, "இதை எழுதினவரோட மெஷின் ஒருநாள் என்கிட்ட வரும் சார், பாத்துக்கிட்டே இருங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

இன்று மாலை நான்கு மணிக்கு டிவிக்காரர்கள் வருகிறார்கள். அதிகாரி தம் வீட்டுப் புல்லைத் தம் மெஷினால், கலப்புப் பெட்ரோல் ஊற்றி வெட்டுவதை நேரலையில் காட்டப் போகிறார்கள். யோசனையும் அவருடையதுதான். துறை இயக்குநர் முதுகில் தட்டிக் கொடுத்திருந்தார்.

மழைக்காலம் முழுக்க மெஷின் ஷெட்டில் படுத்துக் கிடந்தது. புல் முழங்காலைத் தாண்டிவிட்டது.

வேறு வழியில்லாமல், குரலை மாற்றிக்கொண்டு துறையின் உதவி எண்ணுக்கே போன் போட்டார். மறுமுனையில் கனிவான குரல் ஒலித்தது: "உங்கள் இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை. பொறுமையாக மீண்டும் முயலவும்."

அது அவர் பேசிப் பதிவு செய்த குரல்தான்.

போனை வைத்தபோது மச்சினன் வந்து நின்றான். அவன் தொட்ட எந்தப் பொருளும் அதுவரை பழையபடி ஓடியதில்லை என்றாலும், போனில் வீடியோ பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் எதையும் பிரிப்பான்.

"மாமா, எத்தனால் இருக்கே, அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்கா நின்னா தண்ணி பிரிஞ்சு அடியில தங்கிடும். ரப்பரை உப்ப வெச்சிடும். கார்புரேட்டர்ல பிசின் மாதிரி ஒட்டிக்கும்."

"மெதுவாப் பேசுடா!" அதிகாரி ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். இதையே எழுதிய எண்ணூறு கடிதங்களுக்கு 'ஆதாரமற்ற அச்சம்' என்று முத்திரை குத்தியவர் அவர். "சரி, இப்ப என்ன பண்ணலாம்?"

"கார்புரேட்டரைக் கழட்டித் துடைச்சா வேலை முடிஞ்சுது."

கழற்றினார்கள். உள்ளேயிருந்த குட்டி ஸ்பிரிங் ஒன்று விடுதலை கிடைத்தாற்போலத் துள்ளிப் புல்லுக்குள் மறைந்தது. இருவரும் மண்டியிட்டுத் தேடினார்கள்.

"புல்லு மட்டும் இல்லேன்னா ஒரு நிமிஷத்துல கிடைச்சிடும் மாமா."

"புல்லை வெட்டத்தான்டா ஸ்பிரிங் வேணும்!"

கடைசியில் பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கை நறுக்கி வைத்தார்கள். கயிற்றை இழுத்தால் மெஷின் மூச்சே விடவில்லை.

"அப்ப பெட்ரோல்லதான் கோளாறு. எத்தனாலைப் பிரிச்சு எடுத்துடலாம்" என்றான் மச்சினன். "பெட்ரோல்ல தண்ணி ஊத்திக் குலுக்கணும். எத்தனால் தண்ணியோட சேர்ந்து அடிக்குப் போயிடும். மேல நிக்கறது சுத்தமான பெட்ரோல்."

பதினாறு பக்கம் எழுதி ஊரெங்கும் பரப்பிய தோழனை அதிகாரி தம் கையாலேயே ஒரு கேனில் போட்டு உலுக்கோ உலுக்கென்று உலுக்கினார். மேலே இருந்ததை ஒரு பாட்டிலிலும் அடியில் இருந்ததை இன்னொன்றிலும் பிடித்தார்கள். அதற்குள் மனைவி, "என்னங்க, எந்தச் சட்டை போட்டுக்கப் போறீங்க?" என்று கேட்க, அவர் திரும்பினார். மச்சினன் ஊற்றினான்.

"எந்தப் பாட்டிலை ஊத்தின?"

"இடது பக்கம் இருந்ததை."

"எனக்கு இடதா, உனக்கு இடதா?"

மச்சினன் டேங்க்கை மோந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

தண்ணீர் புகுந்த டேங்க்கைக் காயவைக்க அதிகாரி மனைவியின் ஹேர் டிரையரை எடுத்தார். அவள் பாய்ந்து பிடுங்கினாள். "வீட்டையும் சேர்த்து நேரலையில கொளுத்தப் போறீங்களா?"

வாசலில் டிவி வேன் நின்ற சத்தம் கேட்டது.

கேமரா வந்தது. தெரு முழுவதும் வேலியோரம் கூடியது. நிருபர் பெண் மைக்கை நீட்டினாள். "எத்தனால் பெட்ரோலால சின்ன மெஷின்களுக்குப் பிரச்சினைன்னு சொல்றாங்களே சார்?"

"வெறும் வதந்தி" என்று சொல்லி அதிகாரி கயிற்றை இழுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி இழுத்தார். மூன்றாவது இழுப்பில் கயிறே கையோடு வந்துவிட்டது.

வாலறுந்த மெஷினும், வாலைக் கையில் பிடித்த அதிகாரியும் நேரலையில் நின்றார்கள். வேலியோரம் யாரும் சிரிக்கவில்லை. அந்த மௌனம்தான் அவரை என்னவோ செய்தது. எண்ணூறு பேர், எண்ணூறு ஷெட்டில், இப்படித்தானே நின்றிருப்பார்கள்?

"ஓடாதும்மா" என்றார். "காலைலேருந்து முட்டி மோதிப் பாத்துட்டேன். மக்கள் எழுதினதெல்லாம் நிஜம். நான் ஒரு கடிதத்தைக்கூட முழுசாப் படிக்கல. இந்தப் பெட்ரோல்தான் என் மெஷினைக் கொன்னுடுச்சு. எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

ஒரு கணம் கழித்துக் கைதட்டல் வெடித்தது. கடையிலிருந்து ஓடிவந்த மெக்கானிக், மெஷினை ஏறெடுத்தும் பாராமல், கிரீஸ் கையோடு அதிகாரியைக் கட்டிக்கொண்டார். "மனுஷன் சார் நீங்க!" வெள்ளைச் சட்டையில் பத்து விரலும் பதிந்தன. மச்சினன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ஐந்து மணிக்கு இயக்குநரின் போன் வந்தது. நாளை முதல் செய்திப் பிரிவுக்கு வர வேண்டாம்; அடித்தளத்தில் பழைய கோப்புகளுக்குத் தூசி தட்டும் பிரிவுக்குப் போகலாம்.

அதிகாரி கலங்கவில்லை. கல்யாணமான புதிதில் பார்த்தது போல் மனைவி அவரைப் பார்த்தாள். "போனாப் போகுது. உண்மையைச் சொன்னீங்களே, அது போதும்" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

இருட்டத் தொடங்கும் நேரம், அடுத்த வீட்டு நர்ஸ் டூட்டி முடிந்து சீருடையைக்கூட மாற்றாமல் வேலியோரம் வந்து நின்றாள். கையைப் பிசைந்தாள்.

"சார், வார்டு டிவியில உங்களைப் பாத்து நோயாளிங்கள்லாம் அழுதுட்டாங்க… ஆனா மழைக்கு முன்னாடி, நைட் டூட்டி முடிஞ்சு வந்து உங்க மெஷின் சத்தத்துல ஞாயித்துக்கிழமை தூங்க முடியலைன்னு, அதோட ஸ்பார்க் பிளக் ஒயரை நான்தான் பிடுங்கிவிட்டேன், அதை மாட்டாம நீங்க எந்தப் பெட்ரோலை ஊத்தினாலும் அது எப்படி சார் ஓடும்?"