விஸ்வலிங்கம் வீட்டு ஏரியல்

டிவி வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் அதை எங்கே ஒளிப்பது என்ற கவலை விஸ்வலிங்கத்துக்கு வந்தது.

மலேசியாவில் அவர் குடியிருந்த டத்தோ கிராமாட் வட்டாரத்திலேயே டிவி இல்லாத ஒரே வீடு தம்முடையது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த எழுத்தாளர் அவர். கணிப்பொறி குடியைக் கெடுக்கும் இரண்டு நாவல்கள், தொலைபேசியைத் திட்டி ஒரு கட்டுரைத் தொகுப்பு, இப்போது டிவியைக் கிழித்து ஒரு தடித்த புத்தகம். தெருவில் வீட்டுக்கு ஒரு பிரதி இலவசமாகத் திணித்துவிட்டு, "இந்தச் சனம் எங்கை வாசிக்கப்போகுது?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

அந்தப் புத்தகத்துக்காகவே அவரை டிவியில் பேட்டி எடுத்துவிட்டார்கள். இன்று மாலை ஒளிபரப்பு. தம் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்தாலோ மானம் போய்விடும். ஆகவே அப்துல் அஜீஸ் கடையில் ஒரு பழைய டிவியை வாங்கி, சாக்கில் சுற்றி, தையல் மிஷின் என்று சொல்லிக் கொண்டுவந்தார்.

டிவியின் பக்கவாட்டில் பாதி கிழிந்த பிள்ளையார் ஸ்டிக்கர் இருந்தது. சாமியை உரிக்கப் பயந்து, மனைவி புஷ்பராணி அதற்குக் குங்குமம் வைத்தாள்.

"இஞ்சருங்கோ, படம் வரேல்லை. வெறும் புள்ளிதான்."

ஏரியல் வேண்டும். கூரையில் வைத்தால் குட்டு உடைந்துவிடும். துணி காயப்போடும் மூங்கிலில் கட்டிப் பின்பக்கம் நட்டு, தாம் இடுப்பில் உடுத்தும் சாரத்தால் மூடினார். சாரம் காற்றில் ஆட, படமும் ஆடியது. புஷ்பராணியை மூங்கிலைப் பிடிக்க அனுப்பினார்.

"இப்ப தெரியுதோ?"

"இல்லை! இன்னும் திருப்பு!"

"இப்ப?"

"சத்தம் போடாதை!" என்று அவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

பக்கத்து வீட்டு நவமணி எட்டிப் பார்த்தாள். "என்னாக்கா, மூங்கில புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க?"

புஷ்பராணிக்குப் பொய் வராது. "இவர் டிவியிலை வாறார், பிள்ளை."

அவ்வளவுதான். தெருவே கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நவமணி கடைசியாக வந்து டிவிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தாள்.

"இது ஆராய்ச்சிக்கு வாங்கினது. எதிரியை அறிய வேண்டாமோ?" என்றார் விஸ்வலிங்கம்.

"சரிலா ஐயா, தள்ளி ஒக்காருங்க, மறைக்குது!" என்றது பின்வரிசை.

திரையில் அவர் முகம் வந்தது. "என் வீட்டில் இந்தச் சனியனுக்கு இடமில்லை" என்று அது முழங்கியது. கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. விஸ்வலிங்கத்துக்குக் கூசிப்போயிற்று.

முகம் விடவில்லை. "என் எழுத்தைப் படித்து ஒரே ஒருவர் டிவியைத் துறந்தாலும் என் பிறவி கடைத்தேறும். ஆனால் நம்மவர்கள் எங்கே படிக்கிறார்கள்!"

நவமணி திரையைப் பார்க்கவில்லை. குங்குமம் வைத்த பிள்ளையாரை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, இது எங்க டிவிதான்லா! ஒங்க பொஸ்தகத்தப் படிச்சிட்டுத்தான் எங்க வீட்டுக்காரரு போன வாரம் இத வித்தாரு!"