கொலுவில் ஒரு பாலைவனம்

மாமியாரிடம் நல்ல பெயர் வாங்கக் கிளம்பும் மாப்பிள்ளைக்கு முதுகிலும் ஒரு ஜோடி கண் வேண்டும். எனக்கு இல்லை.

வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் நாங்கள். நான் வடபழனி, சினிமாவுக்கு செட் போடும் குடும்பம். வைதேகி மயிலாப்பூர். அவள் அம்மா என்னை வீட்டுக்குள் விட்டாரே தவிர, நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "அவருக்கு இன்னும் காபி வேணுமான்னு கேளு" என்பார் மகளிடம். (மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அதுதான் பயமுறுத்தியது.)

நவராத்திரி வந்தது. கொலுப்படிக்குப் பக்கத்தில் வழக்கமாகப் பூங்கா வைப்பார்கள். "இந்த வருஷம் பாலைவனம் போட்டுடலாம்" என்று நானாக வாயைக் கொடுத்தேன். பாதி ஹாலை மணல் விழுங்கியது. தெர்மகோலில் தீக்கோழி, கவுதாரி, கானமயில் எல்லாம் செய்து நிறுத்தினேன். (தீக்கோழியைப் பார்த்த பக்கத்து வீட்டு மாமி, "வாத்துக்கு ஏன் இவ்ளோ நீளக் கழுத்து?" என்றார்.) மாமியார் மொட்டை மாடியிலிருந்து தன் கள்ளிச்செடியைத் தானே தூக்கி வந்து நடுவில் வைத்தார். பல வருஷம் வளர்த்து, முதல்முறையாகப் பூத்திருந்தது. நல்ல ரோஜா நிறம். அந்தப் பூவைக் காட்டத்தான் தெருவையே அழைத்திருந்தார்.

எல்லோரும் வந்தாயிற்று. இதுதான் சமயம் என்று, பட்டு வேட்டியோடு மாமியாருக்கு நமஸ்காரம் பண்ணப் போனேன். காலில் விழ இடம் போதவில்லை. கொஞ்சம் பின்னால் நகர்ந்து குனிந்தேன்.

"ஐயய்யோ, இன்னாது இது!"

நான் போட்ட கூச்சலில், பாடிக்கொண்டிருந்த மாமி சுருதியை விட்டார். பூ நசுங்கிவிட்டது. செடியில் பாதி என்னோடு எழுந்து வந்துவிட்டது.

மாமியார் பூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

"அசையாதேடா!"

வைதேகியிடம் சொல்லவில்லை. நேராக என்னிடம்!

உள்ளறையில் குப்புறப் படுக்க வைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ட்வீசரால் முள் முள்ளாகப் பிடுங்கினார். (வேட்டிக்கு மேலாகத்தான். மானம் முக்கியம்.)

"வலிக்கறதா?"

"இல்லீங்க."

"பொய் சொல்லாதே. அழணும்னா அழு."

"உங்க பூ போயிடுச்சேம்மா..."

"போனா இன்னொண்ணு பூக்கும். பேசாம படுத்துக்கோ."

அப்போது அழுதேன். சந்தோஷத்தில்தான். வலியில் அழுதேன் என்றுதான் வைதேகி இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

அந்தக் கள்ளிக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். மிச்சமிருந்த பாதிச் செடி வருஷா வருஷம் பூக்கிறது. பூத்த அன்று மகளுக்கு முன்னால் எனக்குத்தான் போன் வரும்:

"டேய், பூத்துடுத்து. சாப்பிட வந்துடு. பூவை மட்டும் நின்னுண்டே பார், போதும்."