கின்செல்லா ஐயாவைக் கொஞ்சம் மெல்லக் கதைக்கச் சொல்லுங்கோ

டார்ம்ஸ்டாட்,
தை மாதம், 1987

என்றும் என் மதிப்புக்குரிய பெரியண்ணைக்கு,

தம்பி சோதிலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. லிமெரிக் நகரில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நோய்நொடியின்றி இருக்கவும், உங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் ஐரிஷ் சனங்கள் உங்கள் கத்திக்குப் பயப்படாமல் வந்துபோகவும் நல்லூர் முருகனை வேண்டுகிறேன். என் சுகத்தைக் கேட்டால், உடம்பு சுகம், மற்றதெல்லாம் சுகமில்லை. இந்த அகதிகள் விடுதியின் நடைபாதையில் நான் மேலும் கீழுமாக நடக்கிற நடையை ஒரே திசையில் நடந்திருந்தால் இதற்குள் அயர்லாந்துக்கே வந்து சேர்ந்திருப்பேன். நடுவில் கடல் இருக்கிறதாம். ஜெர்மன்காரன் எங்களை மாவட்ட எல்லையையே தாண்ட விடுவதில்லை என்பதால் கடலைப் பற்றிய கவலை எனக்கில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கின்செல்லா ஐயாவை எப்படியாவது நிப்பாட்டுங்கோ.

நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் பக்க நியாயம் விளங்கவேண்டுமென்றால் தொடக்கத்திலிருந்து சொல்லத்தான் வேண்டும். என் மனுசி இராஜேஸ்வரி கொழும்பில் விமானம் ஏறி, மொஸ்கோவில் வேறு விமானம் மாறி, கிழக்கு பெர்லினில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்குப் பக்கம் வந்துவிட வேண்டும். நாங்கள் எல்லோரும் வந்த வழிதான். நான் அவளுக்கு எழுதிய ஒரே புத்திமதி, "ஆரிட்டையும் ஒண்டும் கேளாதை, முன்னுக்குப் போற எங்கடை ஆக்களுக்குப் பின்னாலை போ" என்பதுதான். மொஸ்கோவில் முன்னால் போன எங்கடை ஆக்கள் கழிப்பறைக்குள் போய்விட்டார்கள். வெளியே நின்ற இவள், கறுத்த தலைமுடியோடு சிரித்துப் பேசிக்கொண்டு போன வேறொரு கூட்டத்தைப் பார்த்து அதன் பின்னால் போயிருக்கிறாள். அவர்கள் கியூபாக்காரர்கள். அவர்களோடு இவளும் ஏறிய கியூபா விமானம் எண்ணெய் அடிக்க உங்கள் ஊருக்குப் பக்கத்திலே ஷானனில் இறங்க, இவளும் இறங்கி, மழைக்குள் நின்ற பொலிஸ்காரனிடம் போய், "மேற்கு பெர்லினுக்கு எந்த ரயில்?" என்று கேட்டிருக்கிறாள். அந்த மனிதன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தானாம். உலகத்தில் இறங்குவதற்கு எத்தனையோ இடமிருக்க, நீங்கள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இறங்கினாளே, அந்த மட்டில் முருகன் கைவிடவில்லை.

விசா இல்லை, அடுத்த விமானத்தில் கொழும்புக்கே திருப்பி அனுப்புகிறோம் என்று அவர்கள் நின்றதும், நீங்கள் வக்கீலைப் பிடித்துத் தற்காலிகமாக நிறுத்தியதும், கன்னியாஸ்திரிகள் அவளைத் தங்கள் மடத்தில் வைத்துக்கொண்டதும் நீங்கள் செய்த பேருதவி. அதோடு விட்டிருக்கலாம். உங்களிடம் பித்தப்பை வெட்டிக்கொண்ட கின்செல்லா ஐயா எதிர்க்கட்சிப் பாராளுமன்ற அங்கத்தவர் என்பதற்காக, கட்டில் பக்கத்தில் நின்று அவருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருக்க வேண்டுமா? தையல் பிரிக்க முன்னமே அந்த மனிதன் டப்ளினுக்குப் போய்ச் சபையில் எழும்பி நின்றுவிட்டாரே!

நீங்கள் அனுப்பிய பத்திரிகைத் துண்டை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். ஐயா மந்திரியைப் பார்த்து, "ஒரு பெண்ணைச் சாவின் வாசலுக்குத் திருப்பி அனுப்புவதுதானா உங்கள் விருந்தோம்பல்?" என்று கேட்டாராம். மேசையில் அடித்தாராம். மந்திரி சொல்வது பொய் என்றாராம். சபாநாயகர் மணியை அடித்து, அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கும்படி கேட்க, "பொய் என்பதைத் திருப்பி எடுக்கிறேன், மந்திரிக்கும் உண்மைக்கும் அவ்வளவு பழக்கமில்லை என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்றாராம். இதை வாசித்து விடுதியில் எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்து அறை மகேந்திரராஜா என்னைக் கட்டிப்பிடித்து, "சோதியண்ணை, உங்கடை மனுசிக்காக ஒரு பாராளுமன்றமே சண்டை பிடிக்குது!" என்று துள்ளினார். நானோ சத்தம் வெளியில் கேட்கும் என்று கதவைச் சாத்தினேன்.

அண்ணை, நீங்கள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போனது எழுபதுகளில். எண்பத்திமூன்றுக் கலவரத்தில் நீங்கள் ஊரில் இல்லை. எங்கள் தமிழ் எதிர்க்கட்சிக்காரர் கொழும்புச் சபையில் கதைத்துக் கதைத்து என்ன கண்டார்கள்? கடைசியில் இருந்த பதவிக் கதிரையும் போனது, சனத்துக்கு விழுந்தது அடி. அப்படியிருக்க, அந்த மந்திரிக்குக் கோபம் வந்தால் அவர் கின்செல்லாவை விமானத்தில் ஏற்றுவாரா, என் மனுசியை ஏற்றுவாரா?

இந்த யோசனையில்தான் நான் இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் சந்திரமௌலியிடம் போனேன். தமிழ்நாட்டுப் பிள்ளை, இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி ஓடும். மந்திரிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னேன். அவர் பேனையை எடுக்க முன்னமே மறுத்தார்.

"சார், அப்போசிஷன்னா கவர்ன்மென்ட்டைக் கேள்வி கேக்கறதுதான் வேலை. அதுக்காக அங்கே யாரும் யாரையும் பழிவாங்க மாட்டாங்க."

"தம்பி, அது உங்கடை புத்தகத்திலை. எங்கடை நாட்டிலை எதிர்க்கட்சி கேள்வி கேட்டால், மறுமொழி எங்கடை வீட்டுக்குத்தான் வரும்."

பிள்ளை பேனையை எடுத்தது. நான் சொன்னபடியே எழுதித் தந்தது. மாண்புமிகு மந்திரி அவர்களே, கின்செல்லா என்பவர் போட்ட சத்தத்துக்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன், அவரை நாங்கள் ஏவிவிடவில்லை, எனக்கும் என் மனைவிக்கும் உங்கள் அரசாங்கத்தில் ஒரு குறையும் இல்லை, தாங்கள் நீடூழி வாழ்க. இதில் என்ன பிழை? மரியாதையான கடிதம்தானே?

அதை அந்த மந்திரி நத்தார் பண்டிகைக்கு முன் சபையில் வாசிப்பார் என்று நான் கனவா கண்டேன்! கின்செல்லா ஐயா இரண்டாம் தரம் எழும்பி முழங்கி முடித்து உட்கார, மந்திரி நிதானமாக எழும்பி, சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து, "அங்கத்தவர் யாருக்காக இவ்வளவு கத்துகிறார்? அந்தப் பெண்ணின் கணவருக்கே எங்கள் மேல் ஒரு குறையும் இல்லையாம். அங்கத்தவரின் சத்தத்துக்கு அவர் எங்களிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறார்" என்று எடுத்துவிட்டாராமே. அரசாங்கப் பக்கம் முழுக்கச் சிரிப்பாம். கின்செல்லா ஐயாவின் முகம் பீட்றூட் மாதிரிப் போய்விட்டதாம். ஆனால் அவர் எழும்பி, முதல் தரமாகச் சத்தம் போடாமல் சொன்னாராம்: "மனைவியைத் திருப்பி அனுப்பப் போகிறவர்களிடம் கணவன் மன்னிப்புக் கேட்கிறான். ஒரு மனிதனை அவ்வளவுக்குப் பயப்படுத்தியது எது என்று மந்திரி யோசித்துப் பார்த்தாரா?" அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னீர்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைக் கண்டும் இராத மனிதன், நான் பயந்தவன் என்று ஒரு தேசத்துக்கே எப்படிச் சொல்லலாம்? அந்தக் கோபத்தோடு நடைபாதையில் நடந்துகொண்டிருக்கையில் விடுதிக் காவல்காரர், "ஹெர் சோதி!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் தொலைபேசி வந்திருக்கிறது என்று சொல்லத்தான் கூப்பிட்டார்.

மடத்திலிருந்து இராஜேஸ்வரி. சுகம் கேட்கவில்லை.

"உங்களை ஆர் எழுதச் சொன்னது?"

"உன்ரை நன்மைக்குத்தான் எழுதினனான். அந்த மனிசன் கத்திக் கத்தி உன்னைத் திருப்பி அனுப்பப் பண்ணப்போறார்."

"கத்தட்டும். எனக்காக இவ்வளவு காலத்திலை ஆராவது கத்தினவையோ? ஆமி ஜீப்பிலை வந்து என்ரை தம்பியைக் கொண்டு போகேக்கை, ஒழுங்கைச் சனம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததுகள். நீங்களும் என்ரை வாயைப் பொத்தினனீங்கள்."

  அன்று வாயைப் பொத்தியதால்தான் அவள் இன்றைக்கு என்னை ஏசுவதற்கு உயிரோடு இருக்கிறாள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவளும் அழுதாள் போலிருந்தது. பிறகு, மடத்தில் தரும் உருளைக்கிழங்குக்குத் தான் மிளகாய்த்தூள் போடப் பழக்கியதில் மூத்த சிஸ்டருக்கு விக்கல் எடுத்ததைச் சொல்லிச் சிரித்தாள்.

ஆகையால் அண்ணை, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இந்த மாதக் கடைசியில் சபை திரும்பவும் கூடுமாம், கின்செல்லா ஐயா மூன்றாம் தரமும் எழும்பப் போகிறாராம். எழும்பட்டும். ஆனால் கொஞ்சம் மெல்லமாக, மேசையில் அடிக்காமல், மந்திரிக்கு முதலில் ஒரு வணக்கம் வைத்துவிட்டுக் கதைக்கச் சொல்லுங்கோ. முடிந்தால் இருமல் என்று சொல்லி வீட்டிலே ஓய்வெடுக்கச் சொல்லுங்கோ. நீங்கள் டொக்டர், நீங்கள் சொன்னால் கேட்பார். இராஜேஸ்வரியைச் சத்தமில்லாமல் இந்தப் பக்கம் அனுப்பிவிட்டால் போதும்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகள் படித்துப் பெரியாட்களாகட்டும், அரசியலுக்கு மட்டும் போகாமல் இருக்கட்டும். உங்கள் கைக்கு என்றும் நடுக்கம் வராதிருக்க வேண்டிக்கொண்டு நிற்கும்

தம்பி,
சோதிலிங்கம்

பி.கு. (பங்குனி மாதம்): அண்ணை, மேலே எழுதினது ஒண்டையும் கணக்கிலை எடுக்காதேங்கோ. இதைத் தபாலிலை போடக் குடுத்த மகேந்திரராஜா, தன்ரை குளிர்க்கோட்டைத் தோய்க்க எடுத்த இண்டைக்குத்தான் பைக்குள்ளை இருந்து எடுத்துத் தாறார். திரும்ப எழுதப் பொறுமை இல்லை, அப்பிடியே அனுப்புறன். நேற்று நீங்கள் தொலைபேசியிலை சொன்னதிலை இருந்து எனக்கு நித்திரை இல்லை. அந்தப் பழைய மந்திரி, அரசாங்கம் தோத்துப்போக முதல், இராஜேஸ்வரி அங்கையே இருக்கலாம் எண்டு கையெழுத்து வைச்சிட்டுப் போயிட்டார். அந்தக் கை நல்லாய் இருக்கவேணும். அவளும் இனி ஒரு விமானமும் ஏறமாட்டாளாம், என்னைத்தான் அங்கை வரட்டாம். வாறன். ஆனால் நான் வாறதுக்கு நீங்கள் அங்கை போட்ட விண்ணப்பம் இப்ப கின்செல்லா ஐயாவின்ரை மேசையிலை கிடக்குதாம், ஏனெண்டால் அவர் இப்ப அரசாங்கமாம், அதே இலாகாவிலை உதவி மந்திரியாம். "அவசரப்படாதேங்கோ, எல்லாம் முறைப்படி நடக்கும்" எண்டு உங்களிட்டை மெல்லமாய்ச் சொன்னவராமே. மெல்லமாய்! மெல்லமாய்க் கதைக்கிற கின்செல்லா எங்களுக்கு என்னத்துக்கு, அண்ணை? அந்தப் பழைய மந்திரி இப்ப எதிர்க்கட்சியிலைதானே இருப்பார், உடனை போய் அவரைப் பிடியுங்கோ. பித்தப்பையோ குடல்வாலோ, என்ன வெட்டவேணுமெண்டாலும் வெட்டிக் குடுங்கோ. சபை கூடின கையோடை எழும்பி, மேசை உடைய அடிச்சு, தொண்டை கிழியக் கத்தச் சொல்லுங்கோ. என்ரை பழைய கடிதத்தைக் கிழிச்செறியச் சொல்லுங்கோ. ஒரு குறையும் இல்லை எண்டு எழுதினவன் வேறை ஆள். எனக்குக் குறை இருக்குது. நிறைய இருக்குது.