ஒகியாவுக்கு நீங்கள் சொன்ன குறுக்கு வழி

அக்கரப்பத்தனை,
16-3-1955

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் முத்துலிங்கம் அவர்களுக்கு,

சிவசாமி வணக்கம் கூறி எழுதுவது. இங்கு நான், உங்கள் தங்கை காளியாயி, மகள் பூங்காவனம் மூவரும் சுகம். என் கால்கள் மட்டும் சுகமில்லை. வட்டகொடையில் நீங்களும் மதினியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கென்ன, வழி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பூங்காவனத்துக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையைக் கண்டுவர ரயிலில் சுற்ற வேண்டாம், ஹோர்ட்டன் சமவெளியைக் குறுக்கே நடந்தால் மத்தியானத்துக்குள் ஒகியாப் பக்கம் இறங்கிவிடலாம், நடுவில் ஒரே ஒரு குளம், அதில் இடப்பக்கம் திரும்பினால் போதும் என்று எழுதினீர்களே, அதை நம்பிச் சனிக்கிழமை விடியலில் கிளம்பினோம். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாராகிய நான் கம்பளியையும் மாற்று வேட்டியையும் சாக்கில் கட்டி முதுகில் போட்டுக்கொண்டேன். உங்கள் தங்கை கொழுந்துக் கூடையில் அதிரசமும் தேங்காயும் வைத்து, கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு முன்னால் போனாள். மேலே ஏறினால் ஒரே பனிமூட்டம். பாதை என்று எதுவுமில்லை, இடுப்பளவு புல்தான். குளம் வந்தது. கரையில் சோறு தின்றுவிட்டு இடப்பக்கம் திரும்பினோம். இன்னொரு குளம் வந்தது, திரும்பினோம். மூன்றாவது குளத்தில் தண்ணீர் குடித்த மரை மான் எங்களைப் பார்த்து நகரக்கூட இல்லை. அதன் காலடியில் நாங்கள் சோறு தின்ற வாழையிலை கிடந்தது.

"எங்கண்ணன் சரியாத்தான் சொல்லிருக்கும். நீங்கதான் எடது கை எதுன்னு தெரியாம திரும்புறீங்க" என்றாள் உங்கள் தங்கை. பிறகு என்னைக் கேட்கவேயில்லை. தண்ணி கீழதானே போவும் என்று குளத்து ஓடையோடு இறங்க ஆரம்பித்துவிட்டாள். பின்னாலேயே போன நான் சேற்றில் விழுந்து ஒரு செருப்பைத் தொலைத்தேன். காலெல்லாம் அட்டை. பொழுது சாயும்போதுதான் தேயிலைச் செடி கண்ணில் பட்டது. கூடவே ஒரு காவல்காரனும் பட்டான். காட்டுக்குள்ளிருந்து மூட்டையோடு வரும் இரண்டு பேரைக் கண்டதும், இந்தியாவிலிருந்து திருட்டுத்தனமாகக் கடல் தாண்டி வந்த கள்ளத்தோணிதானே என்று சிங்களத்தில் கேட்டான். பிரஜாவுரிமைக் கடுதாசிகளெல்லாம் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன.

"அந்தக் குளத்துல தோணி விட்டா எந்த ஊருக்கய்யா போவும்?" என்றாள் உங்கள் தங்கை.

அவன் கொஞ்சம் யோசித்தான். தோட்டத்து ஆபீசில் வந்து சொல்லுங்கள் என்று கூட்டிக்கொண்டு போனான். போகிற வழியில் இவள் கூடையை அவன் தலையில் மாட்டிவிட்டாள்.

ஆபீசில் ஒரு பையன் நிமிர்ந்தே பார்க்காமல் எங்கள் பேரை எழுதிக்கொண்டு, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டான். மாப்பிள்ளை பார்க்க என்றேன். மாப்பிள்ளை பேரைக் கேட்டான்.

"கணேசமூர்த்தி" என்றேன்.

பேனா நின்றுவிட்டது. பையன் எழுந்து தன் நாற்காலியை எனக்குப் போட்டான். காவல்காரன் சொல்லாமலே கூடையை இறக்கினான். உங்கள் தங்கை கால் அட்டையைப் பிடுங்கிக்கொண்டே பையனை மேலும் கீழும் பார்த்து, பல்லெல்லாம் வரிசையாத்தான் இருக்கு என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னாள். எனக்கும் பிடித்துவிட்டது. இரண்டு நாள் தங்கி, ரயிலில் திரும்பினோம்.

எங்கள் மாரியம்மன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். எனக்கு வழி சொல்கிற ஆசையை மட்டும் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒற்றைச் செருப்போடு,
சிவசாமி

பி.கு.: தபாலில் போடக் கொடுத்த இந்தக் கடிதத்தைப் பூங்காவனம் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பொங்கலுக்கு அவள் உங்கள் வீட்டில் நின்றபோதே பையன் அங்கு வந்து, பார்த்துப் பேசி, இரண்டு பேருக்கும் பிடித்து, மதினி தேத்தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தார்களாமே. சுலபமாகக் கிடைத்தால் அவங்கப்பா நொட்டை சொல்லுவார், கொஞ்சம் நடக்கவிடுவோம் என்றீர்களாமே, மச்சான்.