மொட்டு விரியுமுன் மதகடிப்பட்டு

நெட்டப்பாக்கம் சாலை வந்து சேரும் திருப்பத்தில், ஹாரன்கூட அடிக்காமல், அந்த மோட்டார் சைக்கிள் அன்றைக்கும் பலராமனை முந்திக்கொண்டு போனது. பெயிண்டுக்குக்கூட வழியில்லாத வண்டி. ஓட்டியவன் முகத்தில் துண்டு, பின்னால் பூக்கூடை. பலராமன் தன் மோட்டார் சைக்கிளின் ஆக்ஸிலேட்டரை முறுக்கு முறுக்கென்று முறுக்கினான். சத்தம் கூடியது. வேகம் கூடவில்லை.

பலராமனுக்குப் பூ வியாபாரம். கரிக்கலாம்பாக்கத்துத் தோட்டங்களில் காலையில் பறிக்கிற மல்லி மொட்டை வாங்கி, மதகடிப்பட்டுக்குக் கொண்டு போவான். அங்கே விழுப்புரம் வியாபாரி கனகராஜ் ஜீப்போடு காத்திருப்பார். முதலில் வருகிற பூவை மொத்தமாக எடுத்துக்கொள்வார். அதுவும் மொட்டாக இருந்தால்தான். அடுத்து வருகிறவன் எவனானாலும் அவனுக்கு ஜீப்பின் புகைதான். அப்புறம் உள்ளூர்ப் பூக்காரிகளிடம் கெஞ்ச வேண்டியதுதான். பங்குனியிலிருந்து பலராமன் கெஞ்சிக்கொண்டிருக்கிறான்.

இத்தனைக்கும் மாசியில்தான் வண்டிக்குப் புது எஞ்சின் போட்டிருந்தான். புதிது என்றால் அவனுக்குப் புதிது. இராணுவ ஏலத்தில் வந்த ஐந்நூறு சி.சி. எஞ்சின். எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அது. அந்தப் பக்கத்தில் ஐந்நூறை யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அதைப் பொருத்திக் கொடுத்தவர் வில்லியனூர் மெக்கானிக் பக்கிரி. அந்தப் பெருமை அடங்குவதற்குள் துண்டு கட்டிய பயல் எங்கிருந்தோ முளைத்துவிட்டான்.

பலராமன் நேரே பட்டறைக்குப் போனான்.

"வேகம் பத்தலண்ணே."

"ஐந்நூறுபா அது. இன்னாத்துக்குப் பத்தல?"

"மூச்சு வாங்குது. பெரிய கார்புரேட்டரா போடு."

பக்கிரி போட்டார். வேண்டாம் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. வாடிக்கைக்காரன் மனசு நோகக்கூடாது என்பதில் அவர் கறாரானவர்.

பெரிய கார்புரேட்டர் வந்ததும் வண்டி குடம் குடமாகப் பெட்ரோல் குடித்தது. எஞ்சின் அடுப்பாகக் கொதித்தது. அந்தச் சூட்டில் பக்கத்துக் கூடையிலிருந்த மொட்டெல்லாம் பாதி வழியிலேயே மலர்ந்து, மணக்க மணக்க மதகடிப்பட்டில் இறங்கியது. கனகராஜ் கூடையை எட்டிப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குப் பூ கேட்டா, முதலிரவு முடிஞ்ச பூவைக் கொண்டாந்திருக்கியேப்பா" என்றார்.

சூடு கீழே தங்காமல் மேலே போக, ஆகாயத்தைப் பார்த்த மாதிரி ஒரு சைலன்ஸரைப் பொருத்தச் சொன்னான் பலராமன். சூடு போயிற்று. ஆனால் அது போட்ட சத்தத்தில் அரங்கநாதனின் கறவை மாடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடி, ஏரிக்குள் இறங்கி, சாயங்காலம் வரை ஏற மறுத்தது. அரங்கநாதன் சாதாரண ஆள் இல்லை. ஊரிலேயே பெரிய மல்லித் தோட்டம் அவருடையது. மாட்டைத் துடைத்துவிட்டுக்கொண்டே, இனிமேல் பூவை அந்தத் துண்டுக்காரப் பையனிடமே போட்டுவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். மற்ற தோட்டக்காரர்களும் யோசிக்க ஆரம்பித்தார்கள். அவர்கள் யோசித்து முடித்தால் பலராமன் வியாபாரமும் முடிந்தது.

அவசர அவசரமாக கியர் பாக்ஸை மாற்றினான். இப்போது வண்டி நிஜமாகவே பறந்தது. பூவும் பறந்தது. கூடை மேல் கட்டின துணி அவிழ்ந்து, கரிக்கலாம்பாக்கத்திலிருந்து ஏரிக்கரை வரை சாலையெல்லாம் மல்லி. அன்றைக்கு வயலில் களை எடுத்த பெண்கள் அத்தனை பேர் தலையிலும் பூ. பலராமனை வாழ்த்திக்கொண்டே வைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இவன் எதை மாற்றினாலும் ஒரு வாரத்துக்குள் அந்தப் பயலின் வண்டியும் வேகம் கூடியது. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. யாரோ உளவு சொல்கிறார்கள் என்று பலராமன் முடிவு கட்டினான். மச்சான் இளங்கோவன் மேல் சந்தேகப்பட்டு அவனை வீட்டுக்கு வராதே என்றான். கடைசியில் பக்கிரியைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, இங்க நான் இன்னா மாத்தறேன்னு வெளிய ஒரு காக்காக்குத் தெரியக்கூடாது."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை போவாதுபா" என்று ஸ்பானர் மேல் சத்தியம் செய்தார் பக்கிரி. சொன்னபடியே யாரிடமும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

தன் அண்ணன் இளங்கோவனை வராதே என்று சொன்னதில் மனைவி கமலவேணிக்கு வந்ததே கோபம்.

"இன்னொருவாட்டி வண்டி பட்டறைக்குப் போச்சுன்னா, நான் எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் அந்த ஐந்நூறுகிட்டயே சோறு கேளு" என்றாள்.

பலராமன் அடங்கினான். வண்டிதான் அடங்கியது, அவன் அடங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் வலது கை சோற்றைப் பிசையாமல் முறுக்கியது. தூக்கத்தில் தலையணையை முறுக்கினான். கூட்டுறவு பாங்கில் பேனாவை முறுக்கி மேனேஜர் சட்டையில் மை தெளித்தான். சாலையில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் ஓடி வந்து வாசலில் நின்றான்.

வைகாசியின் பெரிய முகூர்த்தம் வந்தது. அரங்கநாதன் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: இன்றைக்கும் இரண்டாவதாகப் போனால், நாளையிலிருந்து பூ கிடையாது. பலராமன் கூடையை ஏற்றி, வேண்டாத சாமி இல்லை என்று வேண்டிக்கொண்டு கிளம்பினான். நெட்டப்பாக்கம் திருப்பத்தில் வழக்கம்போல் முதுகு கூசியது. யாரும் முந்தவில்லை. கொஞ்ச தூரத்தில், புளியமரத்தடியில் அந்த வண்டி செத்துப் போய் நின்றது. துண்டுக்காரன் அதைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

மதகடிப்பட்டில் அன்றைக்கு முதல் கூடை பலராமனுடையது. அத்தனையும் மொட்டு. கனகராஜ் முதுகில் தட்டிக் கொடுத்தார். பலராமனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் அந்தப் பயல் முகத்தை ஒருதரம் பார்க்காமல் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை.

திரும்பும்போது புளியமரத்தடியில் நிறுத்தினான். பையன் துண்டை அவிழ்த்துவிட்டு, மலர்ந்து கொட்டிய மல்லிக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மீசை அரும்பின முகம், கழுத்தில் புதுச் சங்கிலி.

"இன்னா தம்பி, குதிரை படுத்துடுச்சா?"

பையன் மரியாதையாக எழுந்து நின்றான்.

"கிளட்ச் பிளேட்டு தேஞ்சு போச்சுண்ணே. நான் பச்சையப்பன், பக்கிரி மெக்கானிக்கோட மருமவன். கல்யாணத்துக்கு மோட்டார் சைக்கிள் போடறேன்னாரு மாமா. ஆனா வெறும் சட்டத்தையும் சக்கரத்தையும்தான் குடுத்தாரு."

பலராமனின் வலது கை முறுக்குவதை நிறுத்தியது.

"மத்ததெல்லாம் நீங்க கழட்டிப் போடப் போடத்தாண்ணே வந்துச்சு. எஞ்சின், கார்புரேட்டரு, சைலன்ஸரு, கியர் பாக்ஸு. இந்தக் கிளட்ச் பிளேட்டுக்குத்தான் காத்துகினு இருக்கேன்" என்ற பச்சையப்பன், கொஞ்சம் தயங்கி, நிஜமான கவலையோடு கேட்டான்: "ஒரு மாசமா பட்டறைப் பக்கமே உங்களக் காணலன்னு மாமா சொன்னாரு. உடம்பு கிடம்பு சரியில்லையாண்ணே?"