தூங்கும் காந்தங்களை எழுப்பியவர்

கலமசூ நகரத்துக் கிட்டார் சந்தையில் அன்று பர்கர் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். கூட்டமெல்லாம் பிரதர் ராய்ஸ் டாக்கெட்டின் மேசையில். கென்டக்கியிலிருந்து வந்தவர். வெள்ளைத் தாடி, கறுப்புத் தொப்பி, கண்ணை மூடிக்கொண்டே பேசும் பழக்கம். தூங்கிப்போன ஹம்பக்கர்களை எழுப்பித் தருவது அவருடைய ஊழியம்.

ஹம்பக்கர் என்றால் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. மின்சாரக் கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் படுத்து, அவற்றின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும் சின்ன உலோக டப்பா; கிட்டாருக்கு ஒரு ஜோடி. உள்ளே ஒரு காந்தம், இரண்டு செம்புச் சுருள்கள். ஒரு சுருளில் வரும் மின் இரைச்சலை மற்றது அடித்து ஒழிக்கும். டப்பாவுக்குள் இரைச்சல் ஒழிந்தது. வெளியே கிட்டார் பித்தர்களான நாங்கள் ஆரம்பித்துவிட்டோம். எந்த வருடத்து ஹம்பக்கரின் நாதம் உசத்தி என்று சண்டை போட்டு, பேச்சுவார்த்தை இல்லாமல் போன அண்ணன் தம்பிகள் எங்களில் உண்டு.

பழைய ஹம்பக்கரின் மூடியை நாங்கள் திறப்பதில்லை. திறந்தால் ஈயப் பற்று உடையும். உடைந்தால் விலை விழும். திறக்காததால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. தெரியாததால் அது மகத்தானது. இப்பேர்ப்பட்ட அறிவாளிகளைத் தேடி ராய்ஸ் வந்ததில் ஆச்சரியம் இல்லை. இத்தனை காலம் வராமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

"காந்தம் சாகறதில்ல, சகோதரர்களே. மனசு வெறுத்துத் தூங்கிடுது" என்றார் ராய்ஸ். "உங்க தூங்கின ஜோடியக் குடுங்க. நான் எழுப்பி வச்ச ஜோடிய இப்பவே மாட்டிக்கிட்டுப் போங்க. உங்களோடது என் கொட்டகையில குளிர்காலம் பூரா ப்ளூஸ் பாட்டு கேட்டு முழிச்சுக்கும். மூடிய மட்டும் தொறந்துடாதீங்க. பறந்துடும்."

எது பறந்துவிடும் என்று யாரும் கேட்கவில்லை.

மேசையில் ஒரே மாதிரி இரண்டு கிட்டார்கள். ஒன்றில் தூங்கும் ஹம்பக்கர், மற்றதில் எழுந்தது. இரண்டையும் காலையிலேயே கேட்டுத் தீர்ப்புச் சொல்லியிருந்தார் பல் மருத்துவர் டுவேன் ஹூக்ஸ்ட்ரா. வட்டாரத்தில் அவருக்குத் 'தங்கக் காது' என்று பெயர். ஒரு ஹம்பக்கரில் மேப்பிள் பாகையும் மற்றொன்றில் கருகிய வெண்ணெயையும் கேட்டவர் அவர். நாக்கால் கேட்கிறாரா என்று யாரும் சோதித்ததில்லை. "மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்" என்று அவர் சொன்னதை ராய்ஸ் அட்டையில் எழுதி நிறுத்திவிட்டார். டுவேனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த அட்டையை நம்பி வரிசையில் நின்றவர்களில் டியூயி பிளாங்க்கும் ஒருவர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். டுவேனின் வாத்தியக் குழுவில் பல வருடத் தோழர். அவரிடம் இருந்த ஒரே உருப்படியான சொத்து, ஐம்பதுகளில் இதே ஊரில் செய்த ஒரு ஜோடி ஹம்பக்கர். அதைக் கழற்றிக் காலுறையில் சுற்றிக் கொடுத்தவரே டுவேன்தான்.

"முன்ன மாதிரி பாட மாட்டேங்குதுப்பா" என்றார் டியூயி. இஞ்சி மாதிரி முடிச்சுப் போட்ட விரல்களால் காலுறையைத் தடவினார். "வித்தியாசத்தக் காதால கேட்டேன்னு நீ சொன்னதாலதான் குடுக்கறேன்."

டுவேனின் மனைவி மார்ஸி தேவாலயத்தில் ஒலிபெருக்கி பார்த்துக்கொள்பவள். அவள் ராய்ஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுப்பினத மாட்டும்போதெல்லாம் எதுக்கு இவர் ஸ்குரூவத் திருகறாரு?"

"அது ஒரு சடங்கு மாதிரி, மார்ஸி."

"அப்ப நானும் ஒரு சடங்கு பண்றேன்." அவள் மேசைக்குப் போனாள். "பிரதர், இவரோட காதத்தானே சாட்சியா வச்சிருக்கீங்க? இவர் சுவரப் பாத்து நிக்கட்டும். நான் வாசிக்கிறேன்."

ராய்ஸ் புன்னகையோடு சம்மதித்தார். அந்த வித்தியாசம் சுவருக்கே கேட்கும் என்பது அவருக்குத் தெரியும்.

டுவேன் கைகட்டித் திரும்பி நின்றார்.

"இது தூங்கறது" என்று மார்ஸி கம்பிகளை ஒரு முறை மீட்டினாள். "இப்ப எழுந்தது" என்று மறுபடி மீட்டினாள்.

"ஆகா" என்றார் டுவேன். "கவனிச்சீங்களா? அடிக்குரல் அப்படியே தொறந்துக்கிச்சு. மேல வெள்ளி மாதிரி ஒரு பூச்சு."

"மறுபடி தூங்கறது."

"பாவம், கம்பளி போத்தின மாதிரி இருக்கு."

யாரோ இருமினார். யாரோ சிரிப்பை விழுங்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார். டுவேன் திரும்பிப் பார்த்தார். எழுந்த கிட்டார் வைத்த இடத்திலேயே இருந்தது. மார்ஸி அதைத் தொடவே இல்லை. தங்கக் காதுகள் இரண்டும் செம்பாய்ச் சிவந்தன.

"காது களைச்சுப்போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று ராய்ஸ் அவசரமாகக் கைகொடுத்தார். "நான் வாசிக்கிறேன், எல்லாரும் கேளுங்க." வாசித்தார். எழுந்த ஹம்பக்கர் மெய்யாகவே முழங்கியது. கூட்டம் பெருமூச்சு விட்டது. டியூயி காலுறையை நீட்டினார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் டுவேனின் மானம் பிழைத்திருக்கும். காது களைத்தது என்று ஊரும் நம்பியிருக்கும். ஆனால் இப்போதுதான் அவர் கண்ணால் பார்த்தார். எழுந்த ஹம்பக்கர் கம்பிகளை முட்டுகிற மாதிரி உயரத்தில் நின்றது. தூங்கியது பள்ளத்தில் கிடந்தது. கம்பிக்குக் கிட்டே போனால் சத்தம் கூடும். சத்தம் கூடினால் எல்லாமே இனிக்கும். கிட்டார் வாங்கிய முதல் வாரத்திலேயே எவனும் கற்றுக்கொள்வது. அவருக்கும் தெரியும். தெரிந்ததை வீட்டில் வைத்துவிட்டுச் சந்தைக்கு வந்திருந்தார்.

"டியூயி, குடுக்காத" என்று டுவேன் ராய்ஸின் ஸ்குரூ டிரைவரை எடுத்தார்.

"தொடாதீங்க. மறுபடி தூங்கிடும்."

"தூங்கினா எழுப்பத்தானே நீங்க இருக்கீங்க?"

ஸ்குரூவைத் திருகி இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, கூட்டத்தைத் திரும்பி நிற்கச் சொல்லி வாசித்தார். எழுந்தது முதலாவது என்றார்கள் பாதிப் பேர், இரண்டாவது என்றார்கள் மீதிப் பேர். பிறகு தூங்கியதைச் சற்றே உயர்த்தினார். அதுதான் எழுந்தது என்று அத்தனை பேரும் கை தூக்கினார்கள்.

ராய்ஸ் மேசைக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். இழுத்த வேகத்தில் பெட்டியின் மூடி திறந்துகொண்டது. கொட்டகையில் ப்ளூஸ் கேட்க வேண்டியவை, காலையில் எங்களிடம் வாங்கிய ஜோடிகள், ஒவ்வொன்றின் கழுத்திலும் விற்பனைச் சீட்டோடு கிடந்தன. அதற்குப் பிறகு பிரதரை யாரும் பிரதர் என்று அழைக்கவில்லை.

டியூயி காலுறையை மார்போடு அணைத்துக்கொண்டார். "அப்ப எனக்கு மட்டும் ஏன்ப்பா பாடல?"

டுவேன் ஸ்குரூ டிரைவரைக் கையில் உருட்டினார். "உன் விரலுக்கு வயசாயிடுச்சு, டியூயி. அதச் சொல்ல எனக்கு மனசு வரல. அதான் காந்தத்து மேல பழியப் போட்டேன்."

டியூயி விரல்களைப் பார்த்துக்கொண்டார். "சொல்லித் தொலைச்சிருக்கலாமேடா" என்றார். "மெதுவான பாட்டா எடுத்திருப்பேன்."

வரிசையில் கடைசியாக நின்றவர் டுவேனின் தோளைத் தொட்டார். "டாக்டர், அந்த ஸ்குரூ டிரைவர் எந்த வருஷத்துது? விக்கிறதா இருந்தா மொதல்ல எனக்குச் சொல்லுங்க."

எங்கள் காதுகளுக்கு ஒரு குறையும் இல்லை, ஐயா. இரண்டு காதுக்கும் நடுவே ஒன்று தூங்குகிறது. முதலில் அதை எழுப்புங்கள்.